அவன் வேண்டாமென்ற வீடு

என் கணவனுடைய வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அடுத்தவர் ஆசை ஆசையாய் வாங்கப்போகிற வீட்டுக்குள் ஒரு சின்னச் சுத்தியலோடு நுழைவான், சுவரைத் தட்டுவான், காதை வைத்துக் கேட்பான், அவர்கள் சந்தோஷத்தைக் கெடுத்துவிட்டு வெளியே வருவான். இதற்குச் சம்பளமும் உண்டு. வீடு வாங்குகிறவர்களுக்காகக் கட்டடத்தைச் சோதித்துச் சொல்கிற அலுவலகம் அது. பெரிய அலுவலகம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு முதலாளி, இவன், ஒரு ஏணி.

தனியாக இருக்கும்போது அவனை நீ என்பேன். மாமியார் எதிரில் நீங்க என்பேன். கோபம் வந்துவிட்டால் இரண்டும் இல்லை. செல்லமாக நான் வைத்த பெயர் விரிசல். முதன்முதலாக என்னோடு டீ குடிக்க வந்த அன்று என் முகத்தையே பார்க்காமல் என் தலைக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். பாவம், வெட்கப்படுகிறான் என்று நினைத்து உருகிப்போனேன். கொஞ்ச நேரம் கழித்து வாயைத் திறந்தான். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க. அந்தச் சுவத்துல விரிசல் இருக்கு, பூச்சு எப்ப வேணா விழும்." அப்படிப்பட்டவனைப் போய்க் கட்டிக்கொண்டேன். ஆனால் ஒன்று, நாங்கள் எழுந்து போன மறுநாள் அந்தப் பூச்சு விழுந்துவிட்டதாம்.

நான் பியூட்டி பார்லரில் முடி வெட்டுகிறேன். என் பிழைப்பு அவனுடையதற்கு நேர் எதிர். நெற்றி உச்சி வரைக்கும் ஏறிப்போனவளிடம், "உங்களுக்கு நெத்தி எவ்வளவு அம்சமா இருக்கு" என்று கூசாமல் சொல்வேன். அவள் சிரித்துக்கொண்டே போவாள். விரிசலுக்கு அது வரவே வராது. பொய் சொல்லலாமா என்று யோசிக்க ஆரம்பித்தாலே அவன் காது சிவந்துவிடும், அதுவும் சின்னக் காது இல்லை.

நாங்கள் குடியிருந்தது பார்லருக்கு மேலே ஓர் அறையில். ஏறுவதற்குச் சுற்றிச் சுற்றிப் போகிற இரும்புப் படி. ஒல்லியாக இருந்த காலத்தில் அதில் ஓடியே ஏறுவேன். வயிறு வளர வளர அந்தப் படிக்கும் எனக்கும் தினம் தகராறு. எட்டாம் மாதத்தில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் ஏற முடிந்தது. ஒருநாள் நடுவழியில் சிக்கிக்கொண்டேன், தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த இரண்டு வாடிக்கையாளர்கள் சாயம் வழிய வழிய வந்து என்னைக் கீழே இருந்து மேலே தள்ளிவிட்டார்கள். அன்றைக்கே முடிவு செய்தேன், குழந்தை பிறப்பதற்குள் நமக்கென்று ஒரு வீடு, அதுவும் தரையோடு இருக்கிற வீடு.

வீடு பார்க்கப் போனால் இவன் சும்மா வருவானா? போகிற இடமெல்லாம் தட்டு, தட்டு, தட்டு. ஓர் அம்மாள் பிஸ்கட்டும் டீயும் கொடுத்து, "எங்க கல்யாணம் ஆனதுலேருந்து இங்கதான் இருக்கோம்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இவன் அவர்கள் வீட்டுச் சுவரில் காதை ஒட்டிக்கொண்டு, "இதைப் பெயிண்ட்தாங்க தாங்கிப் பிடிச்சிட்டு நிக்குது" என்றான். அந்த அம்மாள் என் கையிலிருந்த பிஸ்கட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஒரு வீட்டில் சுவரெல்லாம் ஓதம், ஒரு வீட்டில் கழிவுநீர்க் குழாய் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறதாம், இன்னொரு வீட்டில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, அதுதான் சந்தேகமாக இருக்கிறதாம். ஊரில் உள்ள வீடுகளெல்லாம் எப்படித்தான் நின்றுகொண்டிருக்கின்றனவோ தெரியாது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. அவன் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், புரோக்கரை நானே வரச்சொல்லி, நான் மட்டும் வீடு பார்க்கப் போனேன்.

தெருமுனையில் ஒரு பழைய ஓட்டு வீடு. முன்னால் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மண். ஒரு ஹால், ஒரு சமையலறை, ஒரு பின்னறை. அந்தப் பின்னறையில் நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தேன், பார்த்தபடியே நின்றுவிட்டேன். ஓடு தெரியாமல் கூரை முழுக்கப் பலகை அடித்திருந்தது. குறுக்கே போகும் உத்திரங்களுக்கும் பலகையாலேயே உறை. சதுரம் சதுரமாய், ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் ஒரு பூ செதுக்கி, தேன் நிறத்தில் மின்னியது. காலை வெயில் ஜன்னல் வழியாக வந்து அதில் பட்டது. படுத்துக்கொண்டே ஒரு குழந்தை பார்த்துக்கொண்டிருக்க இதைவிட என்ன வேண்டும்? தொட்டில் எங்கே, அலமாரி எங்கே என்று மனசுக்குள் எல்லாவற்றையும் போட்டுவிட்டேன்.

"இவ்வளவு நல்ல வீட்டை ஏன் யாரும் வாங்கல?" என்று கேட்டேன்.

புரோக்கர் தலையில் அடித்துக்கொண்டார். "அதை ஏம்மா கேக்கறீங்க? ஸ்கூல்ல பி.டி. மாஸ்டர் ஒருத்தர், எல்லாம் பேசி முடிச்சு கையெழுத்துப் போடற நேரம். எவனோ ஒரு சுத்தியல்காரனைக் கூட்டிட்டு வந்தார். அந்தப் படுபாவி இந்த ரூம்ல நின்னு ரெண்டு தட்டுத் தட்டினான். உள்ள உத்திரம் உளுத்துப்போச்சுன்னுட்டான். மாஸ்டர் பயந்து ஓடியே போயிட்டார். அதுலேருந்து விலை பாதாளத்துல கிடக்குது."

"அந்த ஆள் எப்படி இருப்பான்?"

"ஒல்லியா இருப்பான். காது மட்டும் தனியா தெரியும்."

உள்ளே இருந்த குழந்தை ஒரு உதை விட்டது. அப்பாவை அடையாளம் கண்டுகொண்டது போலும்.

"அவன் நல்லா இருப்பானா சொல்லுங்க?" என்றார் புரோக்கர்.

"எப்படி நல்லா இருப்பான்?" என்றேன் நான், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு. அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிட்டேன்.

இதைக் கேட்டு என்னைத் திட்டுகிறவர்கள் வயிற்றில் ஒரு தண்ணீர்க்குடத்தைக் கட்டிக்கொண்டு அந்த இரும்புப் படியில் ஒரே ஒரு தடவை ஏறி இறங்கிவிட்டு வந்து திட்டட்டும். அதுவரைக்கும் பேசக்கூடாது.

சாயங்காலம் விரிசலிடம் சொன்னேன். அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே, அப்படியே நின்றான்.

"அது நான் வேண்டாம்னு சொன்ன வீடு."

"நீ வேணும்னு சொன்ன வீடு ஒண்ணு சொல்லு. அங்கேயே போயிடலாம்."

யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், அதுதான் அவனிடம் உள்ள கோளாறு.

"உத்திரம் உளுத்திருக்குடி."

"மாத்திக்கலாம். நீ ஆம்பளைதானே, உனக்குக் கை இருக்குல்ல?"

"உத்திரத்தை மாத்திடலாம்." சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான். "விலை ஏன் இறங்கிச்சு? நான் சொன்னதாலதான் இறங்கிச்சு. இப்ப நாமளே வாங்கினா ஊர் என்ன சொல்லும்? புருஷன் போய் விலையைக் குறைச்சுட்டு வந்தான், பொண்டாட்டி போய் வாங்கிட்டு வந்தாள்னு காறித் துப்ப மாட்டாங்க? இந்தத் தொழில்ல என் சொல்லு ஒண்ணுதான் இருக்கு. வேற எதுவும் கிடையாது என்கிட்ட."

"யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"எனக்குத் தெரியுமே" என்றான்.

அழுதேன். அது நடிப்பு இல்லை, பாதிதான் நடிப்பு. கடைசியில் இரண்டு நிபந்தனைகளோடு இறங்கி வந்தான். அந்தப் பின்னறைக்கு இரும்பு முட்டுக் கொடுப்பான், உத்திரம் மாற்றுகிற வரைக்கும் அங்கே யாரும் படுக்கக்கூடாது. இரண்டாவது, முதலாளியிடம் விஷயத்தைத் தானே நேரில் சொல்லிவிடுவான். முதலாளி அப்போது கண் ஆபரேஷன் செய்துகொண்டு கட்டோடு வீட்டில் கிடந்தார். கட்டைப் பிரித்ததும் சொல்லிவிடுவதாக இருந்தான். கட்டைப் பிரிப்பதற்குள் வீட்டை என் பேரில் பதிவு செய்து, குடிவந்து, என் மாமியாரும் இரண்டு பைகளோடு வந்து இறங்கி, எனக்கு வலியும் எடுத்துவிட்டது.

மாமியார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் போட்ட சத்தத்தில், "உள்ள போங்க, உள்ள போங்க, வழியை விடுங்க" என்று கூட்டம் தானாகவே நகர்ந்தது. பிரசவத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வலித்தது. கத்தினேன். விரிசலின் பரம்பரையையே திட்டினேன், பக்கத்தில் அவன் அம்மா நின்றுகொண்டிருந்தார், "இன்னும் நல்லா திட்டும்மா" என்றார். பெண் குழந்தை பிறந்தாள். தலையில் ஒரு முடி இல்லை. முடியை வைத்துப் பிழைக்கிறவளுக்குப் பிறந்த பிள்ளை வழவழவென்று முட்டை மாதிரி. மொட்டை என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டோம்.

விரிசல் வந்தான். குழந்தையைக் கையில் வாங்குவதற்கு முன்னால் பையிலிருந்து டார்ச்சை எடுத்தான். காதுக்குப் பின்னால் பார்த்தான், விரல் இடுக்கில் பார்த்தான், கால் இரண்டையும் சேர்த்து வைத்து மட்டம் பார்த்தான். உச்சந்தலையில் ஒரு விரலை வைத்தவன் வெளுத்துப்போனான். "சிஸ்டர், இங்க மூடவே இல்லையே!" நர்ஸ் டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு, "எல்லாக் குழந்தைக்கும் அப்படித்தான்யா இருக்கும், தானா மூடும், வெளிய போ" என்று துரத்தினார். வெளியே நின்று அழுதிருக்கிறான். மாமியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்தோம். ஹாலில்தான் தொட்டில். பின்னறைக் கதவு சாத்தியே இருந்தது. நான் மட்டும் எப்போதாவது கதவைத் திறந்து, இரும்பு முட்டுக்களுக்கு நடுவே அந்தச் செதுக்குப் பூக்களை அண்ணாந்து பார்த்துவிட்டு வருவேன். இன்னும் கொஞ்ச நாள்தான், மொட்டை இங்கே படுத்துக்கொண்டு உங்களைப் பார்ப்பாள் என்று சொல்லிக்கொள்வேன்.

அப்படி ஒரு காலையில் விரிசல் முன்பக்கம் ஏணியில் ஏறி ஓட்டுத் தாழ்வாரத்தில் சேர்ந்திருந்த சருகைத் தள்ளிக்கொண்டிருந்தான். நான் மொட்டையை மடியில் போட்டு வெயில் காட்டிக்கொண்டிருந்தேன். தெருவில் ஒருவர் அரைக்கால் சட்டையோடு ஓடிவந்தார். எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார். போனவர் அதே ஓட்டத்தில் பின்பக்கமாகவே ஓடித் திரும்பி வந்தார். ஏணியை அண்ணாந்து பார்த்தார். கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினார் பாருங்கள், மொட்டை வீறிட்டாள், விரிசல் ஏணியிலிருந்து பாதி வழுக்கிவிட்டான்.

பி.டி. மாஸ்டர்.

"நீங்கதானே அந்தச் சுத்தியல்காரர்? இங்க என்ன பண்றீங்க?"

வாடகைக்கு இருக்கோம் சார் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். எடுத்து முடிப்பதற்குள் மேலேயிருந்து குரல் வந்துவிட்டது.

"இது என் வீடு சார். வாங்கிட்டோம்."

காதுதான் பெரிது, மூளை இல்லை என்று அன்றைக்கு நிரூபணமாயிற்று. மாஸ்டர் முகம் சிவந்துகொண்டே போனது. "பலே. என்னைப் பயமுறுத்தித் துரத்திட்டு, விலையை இறக்கி நீயே அமுக்கிட்டியா?" என்றார். விரிசல் விளக்கம் சொல்ல ஆரம்பித்தான். அவர் கேட்க நிற்கவில்லை. வந்ததைவிட வேகமாக ஓடினார், நேராக முதலாளி வீட்டுக்கு.

மத்தியானம் முதலாளியிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். மனிதர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை நானே வர்றேன். மாஸ்டரும் வருவார், புரோக்கரும் வருவார். நீ சொன்ன உத்திரத்தை நான் பார்க்கணும். உளுத்திருந்தா உன் பேர் பிழைச்சுது. நல்லா இருந்துச்சுன்னா நீ திங்கட்கிழமை வர வேண்டாம். வேற எங்கயும் உனக்கு இந்த வேலை கிடைக்காம நானே பார்த்துக்குவேன். என் ஆபீஸ் பேரையும் சேர்த்து வித்துட்ட நீ."

போனை வைத்தான். மாமியார் மொட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப வீடு நல்லா இருந்தா இவன் திருடன். இவன் யோக்கியன்னா வீடு குப்பை. அப்படித்தானே?" டிக்கெட் கிழிக்கிற மாதிரி விஷயத்தைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டார்.

அந்த வாரம் நான் இருந்த இருப்பு எந்த வீட்டுக்காரிக்கும் வரக்கூடாது. சொந்த வீட்டு உத்திரம் நன்றாக உளுத்துப்போயிருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். அடுத்த நிமிடமே மொட்டையைப் பார்ப்பேன், ஐயோ வேண்டாம், இரும்பு மாதிரி இருக்கட்டும் என்று மாற்றி வேண்டிக்கொள்வேன். கேட்டுக்கொண்டிருக்கிறவர் யாராக இருந்தாலும் குழம்பிப்போயிருப்பார்.

சனிக்கிழமை சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். விரிசல் வந்து வாசற்படியில் சாய்ந்து நின்றான்.

"ஒருவேளை நான் தப்பா சொல்லியிருந்தேன்னா?"

"தப்பா சொன்னியா?"

"இல்ல. உளுத்த சத்தம்தான் கேட்டுச்சு. ஆனா சத்தம்தானே கேட்டேன், கண்ணால பார்க்கலையே." உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டான். "அந்த மாஸ்டர் பாவம்டி. அவருக்கும் இந்த வீடு பிடிச்சிருந்துச்சு."

வேலை போய்விடுமே என்று கவலைப்படுவான் என்று நினைத்தேன். இவன் மாஸ்டருக்காகக் கவலைப்படுகிறான். எனக்கு அவனை அப்போதே கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, கட்டிக்கொண்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. யார் என்ன சொன்னாலும் இவன் திருடன் இல்லை, அது நான்கு பேருக்குத் தெரிந்தே ஆகவேண்டும், கூரையே போனாலும் சரி என்று அந்த இடத்தில் நின்றுதான் முடிவு செய்தேன்.

ஞாயிறு காலை எல்லோரும் வந்துவிட்டார்கள். முதலாளி கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். ஒரு காதோரத்து முடியை நீளமாக வளர்த்து, மண்டைக்கு மேலே பாலம் கட்டி மறு காது வரைக்கும் கொண்டு போயிருந்தார். வேறு நாளாக இருந்தால் உட்காரவைத்து வெட்டிவிட்டிருப்பேன். மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். புரோக்கர் என்னைப் பார்த்ததும், "நல்லா இருப்பானான்னு கேட்டப்ப நீயும் சேர்ந்து தானேம்மா..." என்று ஆரம்பித்தார். "டீ குடிக்கிறீங்களா?" என்றேன்.

முட்டுக்களைப் பார்த்ததும் மாஸ்டர் சிரித்தார். "நாடகம் நல்லா இருக்கு. முட்டு வேற."

முதலாளி ஏணியில் ஏறினார். பலகை உறைக்கு மேல் தட்டினார். காதை வைத்தார். மறுபடியும் தட்டினார். மொட்டைகூட மாமியார் தோளில் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் கெட்டியாத்தான் கேக்குது" என்றார்.

விரிசலுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. "பலகைக்கு மேல தட்டினா அப்படித்தான் கேக்கும் சார். ஓரத்துல தட்டணும்" என்று மெதுவாகச் சொன்னான். "ஓரம், நடுன்னு கதை விடாதே" என்றார் மாஸ்டர். "நான் அப்பவே சொன்னேன், வீடு கல்லு மாதிரின்னு" என்றார் புரோக்கர். முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டு இறங்கத் தொடங்கினார். ஒரு காலைக் கீழ்ப்படியில் வைத்துவிட்டார். அந்த ஆள் தரையில் கால் வைத்தால் என் புருஷன் திருடன்தான், ஆயுசுக்கும்.

"பலகையை உடைச்சுப் பாருங்க" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். விரிசல் என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னான். "வேண்டாம். உடைச்சா திரும்ப ஒட்ட முடியாது. இதுக்காகத்தானே நீ இந்த வீட்டையே வாங்கின."

"பரவாயில்லைங்க."

"உள்ள நல்லா இருந்துட்டா? பலகையும் போய், பேரும் போய்..."

"டேய், உடைடா!"

மாமியார் எதிரில் சொல்லிவிட்டேன். அவர் காதில் விழாத மாதிரி மொட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார், தூசு படாமல்.

விரிசல் ஏணியில் ஏறினான். உளியை வைத்து அடித்தான். முதல் பலகை ஒரு முழத்துக்குப் பிளந்து தொங்கியது. ஒரு பூ இரண்டாக உடைந்து என் காலடியில் விழுந்தது. இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொரு அடிக்கும் எனக்குப் பல் கூசியது. உறை முழுக்கப் பெயர்ந்ததும் உத்திரம் தெரிந்தது.

நல்ல உத்திரம். பழுப்பு நிறத்தில், வழவழவென்று, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். முதலாளி தரையைப் பார்த்தார். அவர் விரிசலை வளர்த்து விட்டவர், அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். விரிசல் மட்டும் ஏணியில் நின்றபடி அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உளியின் முனையை உத்திரத்தில் வைத்தான். சுத்தியலை எடுக்கவில்லை. உள்ளங்கையால் மெதுவாக ஓர் அழுத்து அழுத்தினான்.

டீயில் ஊறின பிஸ்கட்டுக்குள் விரல் போவதுபோல் உளி கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தான். பின்னாலேயே மாவு கொட்டியது. கொட்டியது, கொட்டிக்கொண்டே இருந்தது, நேராக மாஸ்டர் தலையில். மூக்கு, மீசை, விசில் எல்லாம் மாவு. அவர் நகரக்கூட இல்லை. வாயில் போனது தெரியாமல் அண்ணாந்து நின்றார்.

"ஐயோ, என் சாமி, உளுத்துப்போச்சு!" என்று கத்தினேன். தையல் போட்ட உடம்பு என்பதே மறந்து குதித்தேன். "அத்தை, உளுத்துப்போச்சு! முழுசா உளுத்துப்போச்சு!" மாமியார் வாசலில் இருந்தே, "போலாம் ரைட்!" என்று தெருவே அதிரக் குரல் கொடுத்தார். சொந்த வீடு மக்கிப்போனதைக் கொண்டாடின குடும்பம் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம்.

முதலாளி மறுபடி ஏணியில் ஏறி, ஓட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி மாவை அள்ளிப் பார்த்தார். கீழே இறங்கி விரிசலின் தோளைத் தட்டினார். "என் காது போயிடுச்சு. உன் காது இருக்கு. நாளைக்குச் சீக்கிரம் வா" என்றார். மாஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு விரிசலின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தப்பா நினைச்சுட்டேன், மன்னிச்சுக்கோ என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "நல்லவேளைம்மா, நான் வாங்கல" என்று வாய் நிறையச் சிரித்தார். அந்தச் சிரிப்பை மட்டும் நான் மன்னிக்கவே மாட்டேன். புரோக்கர் டீ குடிக்காமலே போய்விட்டார்.

கதவைச் சாத்திவிட்டுப் பின்னறைக்கு வந்தேன். தரையெல்லாம் உடைந்த பூக்கள். விரிசல் இன்னும் ஏணியில்தான் இருந்தான். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, பலகை பெயர்ந்த இடைவெளிக்குள் தலையை விட்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் பார்த்தான். நான் கீழேயிருந்தே அந்த இடைவெளி வழியாக வெளிச்சம் போகிற திசையைப் பார்த்தேன். முதல் உத்திரம், அதற்கு அடுத்தது, அதற்கும் அடுத்தது, ஹால் பக்கம் வரைக்கும். ஒவ்வொன்றின் மேலும் அதே மாவு, மெழுகுவர்த்தி வழிந்த மாதிரி கோடு கோடாக இருந்தது.

அதுவரைக்கும் குதித்துக்கொண்டிருந்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இது எங்கள் வீடு. பத்து நாள் பிள்ளையை வைத்துக்கொண்டு நாங்கள் இருக்கப்போகிற வீடு. வேறு வீடு இல்லை. வாங்கவும் இனி வழியில்லை. நான் ஒருத்தி ஆசைப்பட்டு, ஒருத்தியாகவே போய் வாங்கின வீடு. உடைந்த பலகை மேலேயே உட்கார்ந்து அழுதேன். மனசுக்குள் போட்டுவைத்திருந்த தொட்டில், அலமாரி எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து அழுதேன்.

விரிசல் தலையை வெளியே எடுத்தான். புருவமெல்லாம் வெள்ளை. என்னைப் பார்த்தான். டார்ச்சை அணைத்துப் பைக்குள் போட்டான். மாமியார் மொட்டையோடு கதவருகே வந்து நின்றார்.

"எவ்வளவு தூரம் போயிருக்கு?" என்று கேட்டேன். "ஹால் வரைக்குமா?"

"சேச்சே" என்றான். "இது ஒண்ணுதான். ஒரு வாரத்துல முடிச்சிடலாம். அதுவரைக்கும் சும்மா, வேலைக்கு எடைஞ்சலா இருக்கும், நீங்க மூணு பேரும் அம்மா வீட்டுல இருங்க. ஒரே வாரம்."

இரண்டு காதும் செக்கச் செவேலென்று இருந்தன. அவனை யோக்கியன் என்று நாலு பேர் ஒப்புக்கொண்டு போன வாசற்கதவை இப்போதுதான் சாத்தியிருந்தேன். மாமியார் பெற்ற பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன்டா, உனக்கு எப்பலேருந்து பொய்..."

"அத்தை, சும்மா இருங்க" என்றேன். "ஒரு வாரம்னு சொல்றார்ல."